கேத்திப் பள்ளத்தாக்கின் ஒற்றையடிப் பாதைகள்

முடிச்சூரில் நின்று பார்ப்போர்க்கு மலை என்பது தொடுவானில் தெரியும் ஒரு கருங்கோடு மட்டுமே. வடகிழக்கே திருநீர்மலையும் பல்லாவரத்துக் குன்றுகளும், அவற்றுக்கு அப்பால் திருத்தூதர் தோமாவின் நினைவைச் சுமந்து நிற்கும் பரங்கிமலையும், தென்கிழக்கே வண்டலூர்க் குன்றும் நமக்கு வாய்த்த மலைகள். நம் மண்ணோ ஏரிகளின் மண். அடையாறு தன் முதல் நீரைத் திரட்டிக்கொண்டு ஓடும் தாழ்நிலம். இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மலைச்சரிவில் மிதிவண்டி ஓட்டும் ஆசை எழுந்தது வியப்புக்குரியதே.

நம் பங்கின் இளைஞர்கள் சிலர் கடந்த சில ஆண்டுகளாகவே மண்ணிவாக்கம், ஆதனூர், மணிமங்கலம் என்று ஏரிக்கரை ஏரிக்கரையாக ஓட்டிப் பழகியவர்கள். ஞாயிறு விடியுமுன் புறப்பட்டு முதல் திருப்பலிக்குள் திரும்பிவிடுவார்கள் என்பதால் நாம் தடை சொன்னதில்லை. (பின்வரிசையில் அமர்ந்து உறங்கியவர்களை மன்னித்துமிருக்கிறோம்.) கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளை மாதத் தவணையில் வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் நீலகிரியிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்குக்குச் சென்று மூன்று நாள் ஓட்டிவர விரும்பியபோதுதான் வீடுகளில் பூசல் எழுந்தது. தந்தையர் செலவைப் பற்றிப் பேசினர். அன்னையர் ஆபத்தைப் பற்றிப் பேசினர். அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “குரங்கணியிலே செத்துப்போனதும் படிச்ச பிள்ளைங்கதானே ஃபாதர்? போகும்போது அவங்களும் சிரிச்சுக்கிட்டேதானே போயிருப்பாங்க?” என்று கேட்டார்.

எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்ற இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். அச்செய்தி வந்த நாளில் நம் ஊரில் பலர் தத்தம் பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்து, எங்கிருக்கிறாய் என்று கேட்டதை நாம் அறிவோம். ஆகவே அந்தத் தாய்க்கு வாயால் விடை சொல்வதை விட்டு, குடியரசு நாள் விடுமுறையை ஒட்டிய நாட்களில் நாமும் அவர்களோடு புறப்பட்டோம்.

பயணத்துக்கு முன், இந்த வண்டியைப் பற்றிச் சில சொல்லவேண்டும். இல்லாவிடில் வாசகர்களுக்குப் பிற்பகுதி விளங்காது. சாதாரண மிதிவண்டியில் மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமவெளிக்கு அது நன்று. ஏற்றத்திலோ அதை மிதிக்கவே முடியாது. மலை மிதிவண்டியில் முன்னே ஒரு சிறிய பல்சக்கரத்தையும் பின்னே ஒரு பெரிய பல்சக்கரத்தையும் சங்கிலியால் இணைக்க இயலும். அப்போது மிதி ஒரு சுற்றுச் சுற்ற, சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றே சுற்றும். வேகம் போய்விடுகிறது, பாரம் குறைந்துவிடுகிறது. நடப்பவரின் வேகத்தில் ஏறலாம், ஆனால் ஏறிவிடலாம். டயர்கள் அகன்று, குமிழ் குமிழாக மண்ணைப் பற்றும். முன்பக்கத்துக் கவையில் விசைச்சுருள் இருப்பதால் கல்லில் மோதும் அதிர்ச்சி கைக்கு வருமுன் பாதி அடங்கிவிடும். பிரேக், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்காமல் நடுவிலுள்ள ஓர் உலோகத் தட்டைப் பிடிக்கிறது. சேறு பட்டாலும் நழுவாது.

இந்த வண்டி எந்தத் தொழிற்சாலை முதலாளியின் மனத்திலும் உதித்ததன்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில், டமல்பாயிஸ் மலையின் பக்கத்தில் வாழ்ந்த சில இளைஞர்கள் 1970களில் பழைய தடித்த டயர் வண்டிகளைக் குப்பையிலிருந்து மீட்டு, மலைப்பாதையில் உருட்டிவிட்டு மகிழ்ந்தனர். 1976 அக்டோபரில் அவர்கள் நடத்திய ஒரு பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இரண்டு மைல் தூரத்தில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். அந்தப் பழைய வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் முழுதும் புகையாகிப் போய்விடும். மறுமுறை ஓட்டவேண்டுமானால் குடத்தைக் கழற்றி மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். அவ்விளைஞர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு சட்டத்தைச் செய்தார். இருபது ஆண்டுகள் செல்லுமுன், 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகிவிட்டது. 2023 அக்டோபரில் ஆசியக் கண்டத்துப் போட்டியே நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பொன்முடி மலையில் நடந்தது.

அதே டமல்பாயிஸ் மலையில் பின்னர் நடந்த ஒன்றை நம் இளைஞர்களுக்குச் சொன்னோம். நடப்போரும் குதிரையில் வருவோரும் முறையிட்டதால், மிதிவண்டி பிறந்த அந்த மலையிலேயே குறுகிய பாதைகள் பலவற்றில் அது தடை செய்யப்பட்டது. பிறந்த வீட்டிலேயே நுழையக்கூடாதென்று சொல்லப்பட்ட பிள்ளை! ஏன் அப்படி நேர்ந்தது என்பது அவர்களுக்குக் கேத்தியில்தான் விளங்கிற்று.

சென்னை சென்ட்ரலிலிருந்து நீலகிரி விரைவு வண்டியில் மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். முன்சக்கரம் கழற்றிய வண்டிகள் சரக்குப் பெட்டியில் வந்தன. அங்கிருந்து மலைமேல் வேன். மலை ரயிலில் மிதிவண்டிக்கு இடமில்லை. அது எனக்கு மட்டுமே வருத்தம் தந்தது. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய அந்தச் சிறு ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவிலுள்ள பல்வரிசையைத் தன் பல்சக்கரத்தால் கவ்வி ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மெதுவாகப் போனால்தான் மலை ஏறலாம் என்பதை ரயிலும் மிதிவண்டியும் ஒரே வகையான பல்லைக் காட்டிச் சொல்கின்றன என்று ஓர் இளைஞன் நகைச்சுவையாகக் கூறினான்.

குன்னூரிலிருந்து உதகை நோக்கி வெலிங்டன், அருவங்காடு கடந்து எல்லநள்ளியை நெருங்கும்போது சாலையின் ஒருபுறம் நிலம் சட்டென்று விலகிக் கீழே இறங்குகிறது. அதுவே கேத்திப் பள்ளத்தாக்கு. செங்குத்தான பிளவன்று, பெரிய அகன்ற கிண்ணம். கிண்ணத்தின் சுவர்களில் தேயிலை. இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், மேட்டில் தைலமரத் தோப்பு. அடியில் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள். படகர்களின் ஊர்கள் தோறும் வீடுகள் வரிசையாகத் தோள் சேர்ந்து நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ வண்ணச் சுண்ணக்கட்டிகளை அடுக்கிவைத்தது போலத் தோன்றும். அந்த ஊர்களைத் தார்ச்சாலை இணைக்கிறது. ஆனால் சாலை சுற்றிச் சுற்றிப் போகும். ஊருக்கும் தோட்டத்துக்கும், ஊருக்கும் கோவிலுக்கும், ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நேராகச் செல்வது ஒற்றையடிப் பாதை. நம் இளைஞர்கள் தேடிவந்த ‘தடம்’ அதுவே.

அந்தத் தடத்தில் நின்று நாம் முதலில் பார்த்தது காலடியிலிருந்த கல்லை. கருநீலமும் கருமையும் கலந்து, உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும் கல். முடிச்சூர்க்காரருக்கு அது பழகிய கல். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ளதும் அதுவே. கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைமேல் இடப்பட்ட பலகைக்கல் நம் பல்லாவரத்துப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதற்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். நீலகிரி மலைத்தொகுதியும் பெரும்பாலும் அந்தப் பாறையாலானதே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் ஊர்க் குன்றுகளில் பாறை வெளியே தெரிகிறது. நீலகிரியிலோ நெடுங்கால மழையும் வெயிலும் பாறையின் மேற்புறத்தை மக்கச் செய்து, பல அடி ஆழத்துக்குச் செம்மண்ணாக்கி வைத்திருக்கின்றன. அடியில் இரும்பு போன்ற பாறை. மேலே நீர் குடித்தால் குழையும் மண். இதை நினைவில் வைத்துக்கொள்ள வாசகரை வேண்டுகிறோம்.

இப்பாதைகள் யாருடைய காலடியால் உண்டானவை? படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் காலடியாலேயே. வெளியிலிருந்து வந்தவர்கள் பின்னர் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டனர். அவ்வாறு வந்த முதல் ஐரோப்பியர் ஆட்சியாளரல்லர். ஒரு சேசு சபைக் குரு. நீலகிரி என்றதும் ஜான் சல்லிவனையே எல்லாரும் நினைக்கின்றனர். அவர் 1819இல் வந்தார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1603இல், கள்ளிக்கோட்டையிலிருந்த ஜக்கோமோ ஃபெனிசியோ அடிகளார் மேற்குப் புறமாக இம்மலை ஏறினார். மலைமேல் மறந்துபோன பழைய கிறிஸ்தவர் சிலர் வாழ்கின்றனர் என்று கேள்விப்பட்ட ஆயர் பிரான்சிஸ்கு ரோஸ் முன்னரே சிலரை அனுப்பியிருந்தார். அவர்களுக்குப்பின் சென்றவர் ஃபெனிசியோ. அவர் கண்டவர்கள் கிறிஸ்தவரல்லர், எருமை மேய்க்கும் தோடர்கள். படகர்களின் ஊரையும் அவர் குறித்திருக்கிறார். தோடப் பெண்களுக்கு அவர் முகம் பார்க்கும் கண்ணாடியும் நூற்கண்டும் கொடுத்ததாகவும், அவர்கள் மகிழ்ந்ததாகவும் தம் கடிதத்தில் எழுதினார். இன்றைய வண்டிகளில் எதுவுமின்றி, தேடியது கிடைக்காமல், குளிரில் இறங்கிப்போன அந்தக் குருவைப் பற்றி நம் மறைக்கல்வி நூல்களில் ஒரு வரியாவது இருக்கலாம்.

கேத்திக்கு மறைபோதகர் வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். பாசல் மிஷனைச் சேர்ந்த சீர்திருத்த சபையினர் அவர்கள். அவர்களுள் மெட்ஸ் என்பவர் படகர் ஊர்கள்தோறும் நடந்தே திரிந்தார். நம் சபையைச் சேராதவர் என்பதற்காக அவர் நடந்த தூரம் குறைந்துவிடாது.

முதல்நாள் காலை பாலாடா பக்கம் இறங்கினோம். (நாம் என்று எழுதுகிறோமே தவிர, மிதித்தவர்கள் இளைஞர்கள். நாம் பெரும்பகுதி நடந்தோம். சமமான இடங்களில் ஒருவனுடைய வண்டியை வாங்கி ஓட்டினோம். கிளைக் கிராமங்களுக்குச் சைக்கிளிலேயே திருப்பலிக்குச் சென்ற காலம் நினைவுக்கு வந்தது; முழங்கால் வேறொன்றை நினைவூட்டியது.) புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் ஏற ஏற அது நீராகிப் பாதையை வழுக்கலாக்கிற்று. இறக்கத்தில் ஓட்டுவோர் இருக்கையிலிருந்து எழுந்து, உடலைப் பின்தள்ளி, இரு மிதிகளையும் சமமாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு மெல்லப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஓட்டுபவர் தலைகீழாக வண்டிக்கு முன்னே செல்வார். பின்பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சுற்றாமல் நின்று, மண்ணைக் கீறிக்கொண்டு சறுக்கும். இளைஞர்களுக்குப் பின்னது வீரமாகத் தோன்றுகிறது. தூசி பறக்கிறது, படம் எடுக்க நன்றாயிருக்கிறது.

ஒரு திருப்பத்தில், தலையில் விறகுக்கட்டுடன் முதிய பெண்மணி ஒருவர் மேலே ஏறிவந்தார். பாதையின் அகலம் இரண்டு அடிக்கு மேலிராது. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் பத்தடி கீழே கேரட் பாத்தி. முதலில் வந்த இளைஞன் மணி அடித்தான்! தாம்பரம் சந்தையில் அடிப்பதுபோல் அடித்தான். அப்பெண்மணி நின்றார். தலைச்சுமையோடு தேயிலைச் செடிக்குள் ஒதுங்க முயன்றார். பின்னால் வந்தவன், நம் பங்கின் பீடச்சிறுவனாக இருந்து வளர்ந்தவன், சட்டென்று வண்டியை விட்டு இறங்கி, அதைத் தூக்கிச் செடிகளின் மேலாகப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்கம்மா” என்றான். அவர் கடந்து சென்றபின் முதலாமவனைப் பார்த்து, “டேய், அவங்க எதுக்குடா ஒதுங்கணும்? நாமதானே ஓடியாட வந்தோம்?” என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அவனே சொல்லிவிட்டான். அன்று முதல் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எதிரே மனிதர் வந்தால், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறங்கி நிற்பது. ஆடுமாடு வந்தாலும் அப்படியே.

மறுநாள் நிகழ்ந்தது இன்னும் முக்கியமானது. தோட்டத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கலாம், எங்களைக் கண்டதும் வரப்பேறி வந்தார். சினத்தோடு வருகிறார் என்று எண்ணினோம். அவர் முதலில் தேநீர் அருந்திவிட்டுப் போகச் சொன்னார். படகர் இல்லங்களில் விருந்தினரை அப்படியே அனுப்பும் வழக்கமில்லை. தேநீர் முடிந்தபின்தான் எங்களைப் பாதைக்கு அழைத்துச் சென்று, முந்தைய நாள் சறுக்கிய சக்கரம் கீறிய கோட்டைக் காட்டினார். விரல் ஆழம் இருந்தது. “இப்ப இது கோடு சார். மழை வந்தா வாய்க்கால். ரெண்டு மழையிலே என் படிக்கட்டு கீழே போயிடும்” என்றார். படிக்கட்டு என்று அவர் சொன்னது, படியாக வெட்டிய தோட்டத்தை.

மனிதக் காலடி மண்ணை மிதித்து இறுக்குகிறது, குறுக்கே பதிகிறது. சறுக்கும் சக்கரமோ சரிவின் போக்கிலேயே நீளக் கீறுகிறது. நீர் சரிவில் ஓட வழி தேடிக்கொண்டிருக்கும்போது, இதோ வழி என்று காட்டிவிடுகிறது. கீறலுக்குள் ஓடும் நீர் வேகமெடுத்து மேலும் அறுக்கும். அறுத்த மண்ணைக் கீழ்ப்படியில் கொட்டும். ஊறிய மண் அடியிலுள்ள பாறைமேல் வழுக்கத் தொடங்கும். 2009 நவம்பரில் பெருமழையின்போது நீலகிரியில் பல இடங்களில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேத்தியை அடுத்த அச்சனக்கல் பகுதியும் அந்தத் துயரத்தைக் கண்ட இடங்களில் ஒன்று. அதற்கும் மிதிவண்டிக்கும் தொடர்பில்லை என்பது மெய்யே. சாலைக்கும் கட்டடத்துக்கும் சரிவை வெட்டியது, நீரோடும் வழியை மறித்தது முதலிய பெரிய காரணங்கள் வேறு. ஆனால் அந்த நவம்பரைக் கண்டவர் ஒரு விரல் ஆழக் கீறலையும் நம்மைப் போல் பார்ப்பதில்லை.

முடிச்சூர் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா? 2015 டிசம்பரில் நம் தெருக்களில் அடையாற்று நீர் ஏறியபோது, வீட்டின் மேல்தளத்தில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள் இதை வாசிப்போருள் பலர். தண்ணீருக்கு ஒரு பாதை உண்டு, அதில் நாம் குறுக்கிட்டால் அது நம் வீட்டைப் பாதையாக்கிக்கொள்ளும் என்பதை அன்று கற்றோம். தோட்டக்காரர் பேசியபோது நம் இளைஞர்களுள் மூவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்த வெள்ளத்தின்போது அவர்கள் பள்ளிச் சிறுவர்கள். அவர் மண்வெட்டி கொடுத்தார். அரைநாள் வேலை. கீறலை நிரப்பி, மிதித்து இறுக்கி, பாதையின் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்து, நீர் பக்கத்துப் புல்லுக்கு ஒதுங்கும்படி செய்தோம். அந்த மனிதர் சொல்லிக்கொடுத்த முறை அது. மிதிவண்டிப் பாதை அமைக்கும் வெளிநாட்டார் தம் நூல்களில் எழுதுவதும் ஏறத்தாழ அதுவே என்று இளைஞர்கள் பின்னர் தேடிப்பார்த்துச் சொன்னார்கள். ஈரமண்ணில் ஓட்டுவதில்லை, சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவதில்லை என்றும் அங்கேயே முடிவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் இத்தாலியரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. மாலையில் குளிர் காய்ந்துகொண்டே இளைஞர்களுக்கு அவர் கதையைச் சொன்னோம். ஜீனோ பார்த்தலி, 1938லும் 1948லும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் மிதிவண்டிப் பந்தயத்தை வென்றவர்; கார்மேல் சபையின் மூன்றாம் சபையினர். 1943, 44ஆம் ஆண்டுகளில் நாசிப் படையினர் யூதரைத் தேடித்தேடிப் பிடித்தபோது, புளோரன்சு நகரின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா மறைவாக ஒரு மீட்புப்பணியை நடத்தினார். பார்த்தலி பயிற்சிக்குப் போவதாகக் காட்டிக்கொண்டு, வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் போலி அடையாளத் தாள்களைச் சுருட்டி வைத்து, புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே ஓட்டினார். புகழ்பெற்ற வீரர் என்பதால் படைவீரர் வண்டியைக் கழற்றிப் பார்க்கவில்லை. போருக்குப் பின் அதைப்பற்றி அவர் வெளியே பேசவும் விரும்பவில்லை. அவர் இறந்தது 2000இல். யூத மக்களைக் காத்த நேர்மையாளர் என்ற சிறப்பை இசுரயேல் நாட்டின் யாத் வாசெம் நிறுவனம் அவருக்கு அளித்தது 2013இல். கொமோ ஏரிக்கு மேலே கிசாலோ கணவாயில் ஒரு சிறு மாதா கோவில் உண்டு. அங்குள்ள அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1949 அக்டோபர் 13ஆம் நாள் அறிவித்தார். கோவில் சுவரெங்கும் வீரர்களின் வண்டிகள் தொங்குகின்றன. எலிசபெத்தம்மாளைக் காண விரைந்து மலைநாட்டுக்கு ஏறிப்போன மரியன்னைக்கு ஏற்றத்தின் களைப்பு தெரியாதா என்ன!

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். குரங்கணியில் மாண்ட பிள்ளைகள் மேல் நாம் குற்றம் சொல்லத் துணியோம். ஆனால் அதற்குப்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளை வரையறுத்து, வனத்துறையின் பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் மட்டுமே செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நீலகிரியின் கெய்ர்ன் ஹில்லும் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையும் அவற்றுள் அடங்கும். அவை நடப்பதற்குரியவை, மிதிவண்டிக்கல்ல. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். காட்டுக்குள் தடம் தெரிகிறதே என்று சக்கரத்தை விடுவது அறிவீனம். கேத்தியில் நம் பிள்ளைகள் ஓட்டியது ஊர்ப்பாதைகளிலும் தோட்டப்பாதைகளிலும் மட்டுமே, அதுவும் ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்களைக் கண்டு கேட்டபின். இரண்டு ஊர்களில் வேண்டாம் என்றார்கள், வணங்கிவிட்டுத் திரும்பினோம். ஓர் ஊரில் கோவில் திருநாள் நெருங்குகிறது, அந்தப் பாதையில் காலணியோடு போகக்கூடாது என்றார்கள். அந்த ஓர் இடத்தில் எல்லாரும் காலணியைக் கழற்றி, வண்டியைத் தோளில் சுமந்து நடந்தோம்.

காட்டுமாடுகளைப் பற்றியும் பெற்றோர் அறிவது நன்று. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவை தாராளமாக உலவுகின்றன, கரடியும் வருவதுண்டு. நடப்பவர் ஓசை கேட்டு அவை விலகிப்போகும். ஓசையின்றி வேகமாக இறங்கும் மிதிவண்டி, திருப்பத்தில் அவற்றின் மேல் போய் நிற்கும். ஆகவே எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். திருப்பங்களில் மணி அடிப்பதற்கு இப்போது நல்ல காரணம் கிடைத்தது. மூன்று நாளில் ஒரே ஒரு காட்டுமாட்டைத்தான் கண்டோம். நூறு அடி தொலைவில், தேயிலை நடுவே, தனக்கே தோட்டத்தின் பட்டா இருப்பதுபோல் நின்றது. ஒருவரும் படம் எடுக்க முன்னே போகவில்லை என்பதைப் பெற்றோரின் ஆறுதலுக்காகப் பதிவு செய்கிறோம்.

காயங்கள்: ஒருவனுக்கு முழங்கை சிராய்ப்பு, ஒருவனுக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. தலைக்கவசம் இல்லாமல் எவனும் ஓட்டவில்லை. செலவைப் பற்றி நம் கருத்து தந்தையரோடு ஒத்தது. முப்பதாயிரம் ரூபாய் வண்டியைத் தவணையில் வாங்குவதற்கு முன், வீட்டில் தங்கையின் கல்விக் கட்டணம் கட்டப்பட்டதா என்று பார்ப்பது நன்று. நால்வருக்கு இரண்டு வண்டி போதும் என்பதை இப்பயணத்திலேயே கண்டோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் நடந்து வழி பார்க்கலாம். நடந்தவர்களே அதிகம் கண்டார்கள் என்பது நம் எண்ணம். ஓட்டியவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். பிள்ளைகளை இப்பயணத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்பலாம் என்றே சொல்வோம்: பெரியவர் ஒருவர் உடன் செல்லவேண்டும், ஊராரிடம் கேட்டுச் செல்லவேண்டும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் கூடவே கூடாது. இளம்பெண்களும் தங்களுக்கு ஒரு பயணம் வேண்டுமென்று இப்போது கேட்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட நாட்டில், அவர்களுக்கு மறுப்புச் சொல்ல நம்மிடம் காரணம் ஒன்றுமில்லை. உடன்வர இரண்டு அன்னையர் முன்வந்தால் நாள் குறிக்கலாம்.

ஞாயிறன்று லவ்டேல் வழியாக உதகைக்கு ஏறினோம். ஏற்றத்தில் எல்லாரும் சிறிய பல்சக்கரத்துக்கு மாறி, நடப்பவரின் வேகத்தில் வந்தார்கள். ஆகவே அன்று ஒருநாள் மட்டும் நாம் அவர்களோடு பேசிக்கொண்டே செல்ல முடிந்தது. எருசலேமுக்கு ஏறிச்செல்லும் திருப்பயணிகள் பாடியவை என்று திருப்பாடல் நூலில் 120 முதல் 134 வரை பதினைந்து பாடல்கள் உள்ளன அல்லவா, அவை ஏன் எல்லாம் அவ்வளவு சிறியவை என்று ஒருவன் கேட்டான். அவனே மூச்சு வாங்கிக்கொண்டு, “ஏறும்போது இவ்வளவுதான் ஃபாதர் பாட முடியும்” என்றான். குருமடத்தில் நமக்கு எவரும் இந்த விளக்கத்தைத் தந்ததில்லை.

மெய்யான திருச்சிலுவையின் சிறு பகுதி வைத்து வணங்கப்படும் காந்தல் குருசடித் திருத்தலத்தில் திருப்பலி கண்டோம். வெளியே வந்தபின், மேட்டுப்பாளையம் வேன் வருவதற்குள், ஒரு குழாயடியில் வரிசையாக நின்று சக்கரங்களில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவினார்கள். கேத்தித் தோட்டக்காரரின் தொலைபேசி எண்ணை ஒருவன் குறித்து வந்திருக்கிறான். பருவமழை முடிந்ததும் அந்தக் கற்கள் நின்றனவா என்று கேட்டுச் சொல்வதாக அவர்களுக்குள் பேச்சு.